கெட்டி ஆயிலா, சிந்தடிக்கா? உப்புக்காத்துல ஓடுற நாலு வண்டிக்கு நாலு கணக்கு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, காலையில பத்து மணி இருக்கும், மச்சினன் ராமநாதபுரத்துல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில நின்னுக்கிட்டு போன் பண்றான். "மச்சான், வண்டிக்கு ஆயில் வாங்க வந்தேன், மூணு டப்பா எடுத்து முன்னாடி வச்சிட்டாரு, ஒண்ணு ஆயிரத்து முந்நூறு, ஒண்ணு ஆயிரத்து எழுநூறு, இன்னொண்ணு ரெண்டாயிரத்து எண்ணூறு, மூணும் நல்ல ஆயில்தாங்கிறாரு, எதை எடுக்கட்டும்?"

"மேனுவல்ல என்ன போட்டிருக்கு மாப்ள?"

"அது வீட்டுல டேஷ்போர்டுக்குள்ள பாலித்தீன் கவர் கூட பிரிக்காம இருக்கு மச்சான்."

இப்படித்தான் நம்ம ஊர்ல முக்கால்வாசிப் பேர் ஆயில் வாங்குறாங்க. கடைக்காரர் மூணு டப்பா வைப்பாரு, நம்ம நடுவுல உள்ளதை எடுப்போம், ரொம்ப மலிவும் வேணாம் ரொம்ப விலையும் வேணாம்னு, துணிக்கடையில வேட்டி எடுக்குற மாதிரி. நான் மெக்கானிக் இல்லைங்க, உச்சிப்புளியில இருந்து மண்டபத்துக்கு தினம் வேலைக்குப் போய் வர்ற ஆளு. ஆனா எங்க வீட்டு வகையில நாலு வண்டி இருக்கு, நாலுக்கும் ஆயில் விஷயத்துல நான்தான் பஞ்சாயத்து, அதுல ஒரு தடவை சொந்தக் காசைக் கொட்டி பாடம் படிச்சிருக்கேன், அதனால எழுதுறேன்.

நாலு வண்டி எதுன்னா, ஒண்ணு என்னோட பழைய ஸ்விஃப்ட் டீசல், ரெண்டாவது மச்சினனோட மூணு வருஷம் ஆன பெட்ரோல் கார், மூணாவது சித்தப்பாவோட ஆம்னி, தங்கச்சிமடத்துல இருந்து கருவாடு ஏத்திக்கிட்டு சந்தைக்கு ஓடுறது, நாலாவது கீழக்கரையில ஒரு காக்காவோட கார், அங்க முஸ்லிம் வீடுகள்ல அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க, அவரு துபாய்ல இருக்காரு, வண்டி இங்க வருஷத்துல பாதிக்கு மேல சும்மா நிக்குது. நாலுக்கும் ஒரே ஆயில் போட்டா மூணு வண்டிக்கு அது தப்பா போயிரும். இந்த விளம்பரம், கடைக்காரர், வாட்சப் எல்லாம் சொல்லாம விடுறது இதைத்தான்.

முதல்ல என் கதை. ஒரு தடவை மதுரை போற வழியில ஆயில் லைட் மின்னுச்சு, பார்த்தா ஆயில் அளவு பார்க்குற குச்சி, டிப் ஸ்டிக், அதுல கீழ் கோட்டுக்கும் கீழ இருக்கு. ரோட்டோரமா ஒரு ஒர்க்‌ஷாப், பேரு வேணாம், அங்க நிறுத்தினேன். "சர்வீசுக்கும் நாள் ஆயிருச்சு போலயே, மொத்தமா மாத்திருவோம், நம்ம ஊரு வெயிலுக்கு கெட்டி ஆயில்தான் சார் நிக்கும், தண்ணி மாதிரி ஆயில் ஊத்துனா இன்ஜின் காலி"ன்னு சொல்லி 20டபிள்யூ-50 ஊத்தி விட்டாரு. எனக்கும் அந்த நேரத்துல அது நியாயமாத்தான் பட்டுச்சு, வெயில்ல எண்ணெய் இளகும், அப்ப கெட்டியா இருந்தா நல்லதுதானேன்னு. மறுநாள் காலையில ஸ்டார்ட் பண்ணதும் மூணு செகண்டு கடகடகடன்னு ஒரு சத்தம், தகர டப்பாவுல கோலிகுண்டைப் போட்டு ஆட்டுன மாதிரி, அப்புறம் நின்னுருச்சு. அடுத்த நாளும் அதே. மைலேஜ் இருபதுல இருந்து பதினெட்டுக்கு இறங்குச்சு. அறுநூறு கிலோமீட்டர் கூட ஓட்டலை, அத்தனையும் இறக்கிட்டு மேனுவல்ல உள்ள 5டபிள்யூ-30 ஊத்துனேன், சத்தம் போச்சு.

அந்தச் சத்தம் என்னன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. இந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின், ஃபியட்டோடது, 1248 சிசி, ஒரு காலத்துல பாதிக் கம்பெனி இதைத்தான் வாங்கி மாட்டுனதால நேஷனல் இன்ஜின்னே கிண்டலா பேரு வாங்குனது, இதுல டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அந்தச் செயினை இறுக்கிப் பிடிச்சிருக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷர்ல வேலை செய்யுது. ஆயில் கெட்டியா இருந்தா பம்பு அதை மேல ஏத்துறதுக்குள்ள செயின் தொளதொளன்னு அடிக்கும். தினம் ரெண்டு தடவை மூணு மூணு செகண்டு, வருஷம் பூரா கணக்குப் போட்டுப் பாருங்க.

சரி, வெயிலுக்கு கெட்டி ஆயில்ங்கிற பேச்சு எதுனால வந்துச்சுன்னா, பழைய அம்பாசடர், பழைய லாரி காலத்துல அது உண்மை. இன்னைக்கு உள்ள இன்ஜின்ல தெர்மோஸ்டாட் 80, 90 டிகிரி வாக்குல திறந்து மூடி கூலன்ட்டை ஒரே சூட்டுல வச்சிருக்கும், ஆயில் நல்லா ஓடுன பிறகு 90ல இருந்து 110 வரைக்கும் நிக்கும், வெளியில மார்கழிப் பனியா சித்திரை வெயிலாங்கிறது அதுக்குப் பெருசா தெரியாது. டப்பாவுல உள்ள ரெண்டாவது நம்பர், 30, 40ங்கிறது 100 டிகிரி சூட்டுல எவ்வளவு கெட்டியா இருக்குங்கிற கணக்கு. முதல் நம்பரோட இருக்கிற டபிள்யூ, அது வின்டர், குளிர்காலம். 5டபிள்யூன்னா மைனஸ் 30 டிகிரில இன்ஜின் சுத்துற அளவுக்கு இளக்கமா இருக்கணும்னு சோதிக்கிறாங்க, 15டபிள்யூன்னா மைனஸ் 20. நம்ம உச்சிப்புளியில 20 டிகிரிக்குக் கீழ இறங்கினதா எனக்கு ஞாபகமே இல்லை.

அதனால ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும், பனியில உறைஞ்சு கிடக்குற வண்டி சிந்தடிக் ஆயில் ஊத்துனதும் படக்குன்னு ஸ்டார்ட் ஆகுற விளம்பரம் இருக்கே, அது காஷ்மீர்காரனுக்கு, ராம்நாட்டுக்காரனுக்கு இல்லை. ஆனா முழுசா தள்ளிரவும் முடியாது. 40 டிகிரில, அதாவது நம்ம ஊர்ல மதியம் நிழல்ல நிக்கிற வண்டி சூட்டுல, கெட்டியை அளக்குற சென்டிஸ்டோக்ஸ் கணக்குல 15டபிள்யூ-40 ஆயில் ஏறக்குறைய 110 இருக்கும், 5டபிள்யூ-30 அறுபது சொச்சம், 0டபிள்யூ-20 நாப்பத்தஞ்சு வாக்குல. மூணுமே 100 டிகிரி போனதும் 14, 10, 8ன்னு கிட்டக் கிட்ட வந்துருது. அப்ப நம்ம ஊரு சூட்டுலயும் காலையில ஸ்டார்ட் பண்ற அந்த ஒரு நிமிஷத்துல வித்தியாசம் இருக்கத்தான் செய்யுது, விளம்பரத்துல காட்டுற அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் சொல்லிடுறேன், கெட்டி ஆயில் எல்லாமே பாவம் இல்லை. மேனுவலைப் பிரிச்சுப் பார்த்தா சில வண்டிக்கு வெளிச் சூட்டுக்குத் தக்கன ஒரு பட்டியலே இருக்கும், 5டபிள்யூ-30 போடு, இல்லாட்டி 5டபிள்யூ-40ம் போடலாம்னு. வண்டி ரெண்டு லட்சம் ஓடி ஆயில் குடிக்க ஆரம்பிச்சிருச்சுன்னா அந்தப் பட்டியலுக்குள்ளயே ஒரு படி ஏத்திக்கலாம். 0டபிள்யூ-20 போட்ட வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊத்துறதுதான் கிறுக்குத்தனம்.

இப்ப அந்த மூணு டப்பா. மினரல், செமி, ஃபுல் சிந்தடிக். நிலத்துல இருந்து எடுத்த குரூடை சுத்திகரிச்சு வர்றது மினரல். சிந்தடிக்னா ஆய்வகத்துல மூலக்கூறு மூலக்கூறா கட்டுனதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், பாதிதான் சரி. அப்படிக் கட்டுறது ஒரு வகை இருக்கு, பிஏஓன்னு சொல்லுவாங்க, ஆயிலுக்கு அடிப்படையான எண்ணெயை வகை பிரிக்கிற பட்டியல்ல அது குரூப் 4. ஆனா கடையில ஃபுல் சிந்தடிக்னு நிக்கிறதுல நிறைய குரூப் 3 வகை, அதாவது அதே குரூடைத்தான் ஹைட்ரஜன் வச்சு கடும் அழுத்தத்துல உடைச்சு, கந்தகத்தையும் மெழுகையும் நீக்கி எடுத்தது. இதையும் சிந்தடிக்னு சொல்லலாமான்னு அமெரிக்காவுல மொபிலுக்கும் கேஸ்ட்ராலுக்கும் தகராறே நடந்து 1999ல விளம்பரப் பஞ்சாயத்து அமைப்பு சொல்லலாம்னு தீர்ப்பு கொடுத்துச்சு, ஜெர்மனியில இன்னும் குரூப் 3ஐ முழு சிந்தடிக்னு எழுத விடுறதில்லை. இதுக்காக நம்ம ஏமாந்துட்டோம்னு நெஞ்சுல அடிச்சுக்க வேண்டாம், நல்ல குரூப் 3 ஆயில் நம்ம காருக்குத் தாராளம். செமி சிந்தடிக்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம், ரெண்டையும் கலந்ததுன்னு சொல்றாங்களே தவிர எவ்வளவு கலந்ததுன்னு டப்பாவுல போடுறதில்லை. நாட்டுக்கோழி பிரியாணின்னு சொல்லி நாலு துண்டு நாட்டுக்கோழி போட்டாலும் நாட்டுக்கோழி பிரியாணிதானே.

சிந்தடிக் நம்ம ஊருக்கு உண்மையிலேயே எதுல உதவுதுன்னா குளிர்ல இல்லை, சூட்டுல. ஆயில் சூடாகச் சூடாக காத்தோட சேர்ந்து கெடும், ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அந்தக் கெடுற வேகம் ரெண்டு மடங்காகும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. கெட்ட ஆயில் வார்னிஷ் மாதிரி ஒட்டும், அப்புறம் தார் மாதிரி கசடா படியும். சிந்தடிக் இதுக்குத் தாக்குப் பிடிக்கும், ஆவியாகியும் குறைவாத்தான் போகும். இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி ஏத்துற டர்போ இருக்கிற வண்டின்னா இன்னும் முக்கியம், அந்தக் குட்டித் தண்டு நிமிஷத்துக்கு லட்சத்துக்கு மேல சுத்துது, அதுக்கு மெத்தையா இருக்கிறது ஆயில் மட்டும்தான். ஈசிஆர்ல தொண்டியில இருந்து நூறுல விரட்டிக்கிட்டு வந்து வீட்டு வாசல்ல நிறுத்துன உடனே சாவியைத் திருப்பி அணைச்சா டர்போவுக்குள்ள நின்ன ஆயில் அங்கயே கருகும். ஒரு நிமிஷம் ஐடில்ல விட்டு அணைங்க, எந்த ஆயிலா இருந்தாலும் சரி.

சனி ஞாயிறுல பாம்பன் பாலத்துல மாட்டியிருக்கீங்களா? ரயில் பாலத்தைப் பார்க்கணும்னு டூரிஸ்ட் வண்டி எல்லாம் பாலத்து மேலயே ஓரங்கட்டி நிறுத்திருவாங்க, ரெண்டு கிலோமீட்டர் சொச்சம் உள்ள பாலத்தைத் தாண்ட முக்கால் மணி நேரம் ஆகும், ஏசி ஓடும், இன்ஜின் ஓடும், மீட்டர்ல மட்டும் ரெண்டு கிலோமீட்டர் ஏறும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்க ஆயில் மாத்துனா போதும்ங்கிற கணக்குல உள்ள ஓட்டை இதுதான். மதுரை ரோட்டுல அம்பது வேகத்துல போற வண்டிக்கு பத்தாயிரம்னா இன்ஜின் 200 மணி நேரம் ஓடியிருக்கு, ஊருக்குள்ளயே இருபத்தஞ்சுல உருட்டுற வண்டிக்கு அதே பத்தாயிரம் 400 மணி நேரம். மீட்டர் ரெண்டையும் ஒண்ணாத்தான் காட்டும். மேனுவல்ல சின்ன எழுத்துல கடினமான ஓட்டம்னு ஒரு பகுதி இருக்கும், தூசி, அதிகச் சூடு, அடிக்கடி சின்னத் தூரம், ரொம்ப நேரம் ஐடில், இப்படி இருந்தா சீக்கிரமே மாத்துன்னு. நான் படிச்சப்ப இது ராமநாதபுரம் மாவட்டத்தைப் பார்த்து எழுதுன மாதிரியே இருந்துச்சு.

காசு கணக்குக்கு வருவோம், இதுலதான் நான் ரொம்ப நாள் தப்பா நினைச்சிருந்தேன். என் வண்டி ஃபில்டரோட மூணு லிட்டர் சொச்சம் பிடிக்கும், மூன்றரை லிட்டர் டப்பா ஒண்ணு வாங்குனா போதும். மச்சினன் சொன்ன விலையையே வச்சுக்குவோம், கடைக்குக் கடை மாறத்தான் செய்யும். மினரல் 1300, ஃபில்டர் 200, கூலி 300, மொத்தம் 1800, அஞ்சாயிரத்துக்கு ஒருக்க மாத்துனா கிலோமீட்டருக்கு 36 பைசா. ஃபுல் சிந்தடிக் 2800, அதே ஃபில்டர் அதே கூலி, மொத்தம் 3300, பத்தாயிரத்துக்கு 33 பைசா. பாருங்க, கடை கவுண்டர்ல ரெண்டு மடங்கு விலையா தெரிஞ்சது ரோட்டுல மூணு பைசா மிச்சமா ஆயிருச்சு. செமி 1700 போட்டு 7500ல மாத்துனா 29 பைசா வருது, அதுதான் மலிவு, ஆனா உங்க வண்டிக்குச் சொன்ன கிரேடு செமியில கிடைச்சாத்தானே. மினரலை ஊத்திட்டு பத்தாயிரம் ஓட்டுனா 18 பைசாதான்னு சந்தோஷப்படுறவங்களும் இருக்காங்க, அவங்க மிச்சத்தை இன்ஜின் பிரிக்கிறப்ப கட்டுவாங்க.

என் வண்டியில நான் ஃபுல் சிந்தடிக் 5டபிள்யூ-30 போட்டுட்டு பத்தாயிரம் வரைக்கும் போறதில்லை, எட்டாயிரத்துல மாத்திருவேன். கொஞ்சம் நஷ்டம்தான், 41 பைசா வருது. டர்போ இருக்கு, செயின் இருக்கு, வண்டிக்கு வயசாச்சு, இப்படி மாத்துனா எனக்கு ராத்திரி நிம்மதியாத் தூக்கம் வருது.

சித்தப்பாவோட ஆம்னி வேற கதை. 796 சிசி, மூணு சிலிண்டர், டர்போ இல்லை, நுணுக்கமா ஒண்ணும் இல்லை, அந்த வண்டியே 2019ல நின்னு போச்சு. நான் ஆர்வக்கோளாறுல அதுக்கும் சிந்தடிக் போடலாம்னு சொன்னேன். "ஏப்பா, வண்டியே அறுபதாயிரம் போகாது, அதுக்கு மூவாயிரத்துக்கு எண்ணெயா? கருவாட்டுக்குப் பன்னீர் தெளிக்கச் சொல்லுவ போல"ன்னாரு. யோசிச்சுப் பார்த்தா அவரு சொன்னதுதான் சரி. பழைய இன்ஜின், இடைவெளி எல்லாம் தேய்ஞ்சு பெருசாயிருக்கு, அதுக்கு நல்ல மினரல் ஆயிலை அஞ்சாயிரத்துக்கு ஒருக்க ஒழுங்கா மாத்துனா போதும். ஆனா அவரு என்ன பண்ணிக்கிட்டு இருந்தாருன்னா, வல்லத்து இன்ஜினுக்கு வாங்குற டீசல் ஆயிலையே இதுக்கும் ஊத்திக்கிட்டு இருந்தாரு, பேரல்ல இருந்து லூஸா. நான் போய்ப் பார்த்தா பேரல்ல எழுத்தே அழிஞ்சிருக்கு. டீசல் ஆயிலை பெட்ரோல் வண்டிக்கு ஊத்தவே கூடாதுன்னு இல்லைங்க, டப்பாவுல ஏபிஐ, அதாவது அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்போட தர முத்திரை, அதைப் போட்டு சிஐ-4 சாய்கோடு எஸ்எல்னு ரெண்டு எழுத்தும் இருந்தா அது ரெண்டுக்கும் தேறுனது, சி டீசலுக்கு, எஸ் பெட்ரோலுக்கு. எழுத்தே இல்லாத பேரல்ல என்ன இருக்குன்னு பேரலுக்கே தெரியாது. இப்ப அவரு சீல் உடைக்காத டப்பாவுல 15டபிள்யூ-40 வாங்குறாரு, ரெண்டு எழுத்தும் உள்ளதா. பழைய ஆயிலை மட்டும் விட மாட்டேங்கிறாரு, வேலிக்கம்புக்குப் பூசுனா கரையான் ஏறாதாம், கிணத்தடியில வேணாம் சித்தப்பான்னு கெஞ்சிக்கிட்டு இருக்கேன்.

கீழக்கரை காக்கா வண்டியைப் பத்திச் சொல்லியே ஆகணும், ஏன்னா இந்தப் பக்கம், கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், வளைகுடா வீடுகள்ல இதே கதைதான். நல்ல பெட்ரோல் கார், வாங்கி ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சு, மீட்டர்ல 3100 கிலோமீட்டர். அவரு வாப்பா பள்ளிவாசலுக்கும் மார்க்கெட்டுக்கும் எடுப்பாரு, போக ஒண்ணரை வர ஒண்ணரை. காக்கா லீவுல வந்தப்ப என்னைக் கூப்பிட்டு "தம்பி, வண்டி சோம்பேறியா இருக்கு, என்னன்னு பாரு"ன்னாரு. சர்வீஸ் எப்ப பண்ணீங்கன்னு கேட்டா, "பத்தாயிரம் ஆகலையேப்பா, அதான் விட்டுட்டோம்."

ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தேன். உள்பக்கம் வெளிர் பழுப்புல, வெண்ணெய் எடுத்த மோரு பானை விளிம்புல ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி வழுவழுன்னு. வாப்பா பக்கத்துல நின்னு எட்டிப் பார்த்துட்டு "இதென்ன பாலாடையா?"ங்கிறாரு. முதல்ல எனக்கு வயித்தைக் கலக்குச்சு, ஹெட் கேஸ்கெட் போய் கூலன்ட் தண்ணி ஆயில்ல கலந்தாலும் இப்படித்தான் இருக்கும். கூலன்ட் அளவைப் பார்த்தேன், குறையலை. டிப் ஸ்டிக்கை உருவுனேன், அதுல மோரு இல்லை, ஆயில்தான், ஆனா மூக்குக்கிட்ட கொண்டு போனா பெட்ரோல் வாடை. கோட்டுக்கும் கொஞ்சம் மேலயே நிக்குது. ஊத்தாமலே ஆயில் கூடியிருக்கு.

காரணம் இதுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வருது, ஏறக்குறைய எல்லாமே சைலன்சர் வழியா போயிரும், ஒரு சின்னப் பங்கு பிஸ்டன் ஓரமா கசிஞ்சு கீழ ஆயிலுக்கு வரும், கூடவே எரியாத பெட்ரோலும். இருபது முப்பது நிமிஷம் வண்டி ஓடி ஆயில் நல்லா சூடானா இது ரெண்டும் ஆவியா வெளியேறிடும். ஒண்ணரை கிலோமீட்டர்ல ஆயில் எங்க சூடாகும்? தினம் கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் பெட்ரோல், அதோட நம்ம கடக்கரை ஈரக்காத்து வேற. இந்த வண்டிக்கு உலகத்துலயே ஒசத்தியான சிந்தடிக் ஊத்துனாலும் இதே மோருதான் வரும். கிலோமீட்டர் கணக்கைத் தூக்கிப் போட்டுட்டு மாசக் கணக்கு பார்க்கணும், பத்தாயிரம் அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அதுன்னு மேனுவல்ல எழுதியிருக்கிறதுல ரெண்டாவது பாதிதான் இவருக்கு. இவருக்கு நான் மேனுவல்ல உள்ள கிரேடுலயே இருக்கிறதுல விலை குறைஞ்ச, பேரு தெரிஞ்ச கம்பெனி ஆயிலை வாங்கச் சொன்னேன், அந்த மிச்சக் காசுல வருஷம் தவறாம மாத்துங்கன்னு. வாரம் ஒருக்க ஏர்வாடி வரைக்கும் போய்ட்டு வரச் சொன்னேன் வாப்பாவை, இருபது நிமிஷமாவது தொடர்ந்து ஓடட்டும்னு. வாப்பா தேதியெல்லாம் ஞாபகம் வச்சுக்க மாட்டாரு, "நோன்புப் பிறை பார்க்குறதுக்கு முன்னாடி மாத்திடுறேன்"னு ஒரு வழி கண்டுபிடிச்சாரு. நல்ல வழிதான், பிறைக் கணக்கு வருஷம் பதினொரு நாள் குறைச்சல், அதனால ஒரு நாளும் பன்னெண்டு மாசம் தாண்டாது.

டீசல்காரங்களுக்கு ஒரு வார்த்தை, 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 டீசல் கார்னா சைலன்சர்ல டிபிஎஃப்னு ஒரு கரி வடிகட்டி இருக்கும். ஆயில்ல உள்ள சில சேர்மானம் எரிஞ்சா சாம்பலாகி அதுல அடைக்கும், கரியை வண்டியே எரிச்சுத் தள்ளிக்கும், சாம்பலை எரிக்க முடியாது. அதனால மேனுவல்ல சி2, சி3ன்னு சொல்லியிருந்தா அந்த எழுத்து உள்ள சாம்பல் குறைஞ்ச ஆயில்தான், விலையைப் பார்த்து மாத்தி ஊத்திராதீங்க, அந்தக் கரி வடிகட்டியை மாத்துற செலவுல பல வருஷத்துக்கு ஆயில் வாங்கலாம். அப்புறம் அந்தக் கரியை எரிக்கிறதுக்கு வண்டி கூடுதலா டீசல் அடிக்கும், பாதியில அணைச்சுட்டுப் போயிட்டா அந்த டீசலும் ஆயில்ல இறங்கும். டிப் ஸ்டிக்ல ஆயில் கூடுனா சந்தோஷப்படாதீங்க. என் மாதிரி பழைய டீசலுக்கு இந்தத் தொல்லை இல்லை. டீசல்ல ஆயில் மாத்துன மறுநாளே கருப்பாயிரும், அது கரி, அதுவும் ஏமாத்து வேலை இல்லை, ஆயில் தன் வேலையைச் செய்யுது.

மச்சினன் வண்டிக்கு வர்றேன். அவன் வீட்டுக்குப் போன் போட்டு தங்கச்சியை மேனுவலைப் பிரிக்கச் சொல்லி போட்டோ வாங்குனான், 0டபிள்யூ-20. அவ்வளவுதான், அங்கயே முடிவு ஆயிருச்சு, ஏன்னா மினரல்ல 0டபிள்யூ-20 செய்யவே முடியாது, அந்த இளக்கமும் வேணும் ஆவியாவும் போகக் கூடாதுன்னா சிந்தடிக்தான். மூணு டப்பாவுல ரெண்டு தானா விழுந்துருச்சு. ஏபிஐ எழுத்து மட்டும் பாரு மாப்ளன்னேன், எஸ் வரிசையில எஸ்பி போட்டிருக்கணும், அது 2020ல வந்த தரம், டைமிங் செயின் தேய்மானத்துக்கும் டர்போ பெட்ரோல்ல முன்னாடியே வெடிக்கிற கோளாறுக்கும் சேர்த்து சோதிச்சது. எஸ்என்னும் 2010ல இருந்து ஓடுது, மேனுவல்ல எஸ்என் கேட்டா எஸ்பி தாராளமா போடலாம், எழுத்து முன்னாடி போகப் போக பழசையும் சேர்த்துத்தான். 2025ல எஸ்க்யூ வந்திருக்கு, கடையில இருந்தா அதுவும் சரி. கம்பெனி பேரு இதுக்கெல்லாம் அப்புறம்தான்.

"மொபில் நல்லதா, ஷெல் நல்லதா, கேஸ்ட்ரால் நல்லதா"ன்னு அவன் மறுபடி ஆரம்பிச்சான். டப்பா ஒரிஜினல்தானான்னு பாருடான்னேன். மூடி வளையம் அறுபடாம இருக்கா, ஓரத்துல பேட்ச் நம்பரும் தேதியும் அழியாம இருக்கா, லேபிள் கோணலா இருக்கா, பில்லு கொடுக்குறாங்களா. ஊத்தி முடிச்ச டப்பாவை அப்படியே காயலான் கடைக்குப் போடாதீங்க, கத்தியால ஒரு கீறு கீறிட்டுப் போடுங்க, முழு டப்பாவுக்கு அங்க தனி விலை எதுக்குன்னு யோசிச்சாலே புரியும்.

ஆயிலுக்கு இவ்வளவு யோசிக்கிற நம்ம ஆளுங்க ஏர் ஃபில்டரைத் திறந்தே பார்க்குறதில்லை, இது எனக்கு ஒரு ஆதங்கம். அரிச்சல்முனைக்கு 2017ல ரோடு போட்டதுல இருந்து விருந்தாளி வந்தா தனுஷ்கோடிதான், ஆடிக்காத்துல அங்க மணல் ரோட்டு மேல பாம்பு மாதிரி ஊர்ந்து போகும் பார்த்திருக்கீங்களா, அத்தனையும் இன்ஜின் மூச்சு விடுற காத்துலதான் இருக்கு. போன ஆடியில என் ஏர் ஃபில்டரை உருவித் தரையில தட்டுனேன், ஒரு கைப்பிடி மணல், டீத்தூள் மாதிரி பொடி. ஃபில்டர் விரிசல் விட்டு அது உள்ள போனா சிலிண்டரை உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்ச்சிரும், மூவாயிரம் ரூபா ஆயில் வேடிக்கை பார்க்கும். இங்க ஏர் ஃபில்டரை மேனுவல் சொல்றதுல பாதியிலேயே மாத்தணும். அதே மாதிரி அடியில ஆயில் தேங்கி நிக்கிற சம்ப், தகரத்துல செஞ்சதுன்னா உப்புக்காத்துக்கு துரு ஏறும், ஆயிலை இறக்குற டிரெயின் போல்ட் தலை உளுத்துப் போய் ஸ்பேனர் பிடிக்காது. கடக்கரைப் பக்கம் போய்ட்டு வந்தா அடியில நல்ல தண்ணி அடிங்க. ஆயில் மாத்துறப்ப அந்த போல்ட்டோட வாஷரைப் புதுசாப் போடச் சொல்லுங்க, இருபது ரூபா, அதை மிச்சம் பிடிச்ச ஒரு மெக்கானிக்கால எங்க வீட்டு வாசல் சிமெண்ட்ல இன்னும் ஒரு கருப்பு வட்டம் இருக்கு.

வழியில ஆயில் குறைஞ்சு, பரமக்குடி தாண்டி நடுக்காட்டுல கருவேல மரம்தான் துணைன்னு நின்னா, கிடைக்கிற ஆயிலை ஊத்திக்கலாம், சிந்தடிக்ல மினரல் கலந்தா திரிஞ்சு போகும்ங்கிறது கட்டுக்கதை, ஏபிஐ தரம் உள்ள ஆயில் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துதான் ஆகணும்னு விதியே இருக்கு. ஆயில் இல்லாம ஓட்டுறதுக்கு எந்த ஆயிலும் மேல். வீடு வந்ததும் மாத்திக்கிட்டா போதும். ஊத்துறப்பவும் கொஞ்சம் கொஞ்சமா, கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவுல ஏறக்குறைய ஒரு லிட்டர்தான், மேல போச்சுன்னா இன்ஜினுக்குள்ள சுத்துற கிராங்க் தண்டு அதைக் கடைஞ்சு நுரையாக்கிரும்.

மச்சினன் ரெண்டாயிரத்து எண்ணூறு கொடுத்து வாங்கிட்டுப் போய் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட மாத்திட்டான். சாயங்காலம் மறுபடி போன்.

"மச்சான், அரை லிட்டருக்குக் கிட்ட மிச்சம் இருக்கு. பைக்குக்கு ஊத்திரவா? நல்ல ஆயில்தானே, வீணாப் போகுது."

"டேய் ஊத்திராத. கார் ஆயில்ல வழுக்குறதுக்குன்னு சேர்மானம் இருக்கு, பைக்ல கிளட்ச்சும் அதே ஆயில்லதான் முங்கி நிக்குது, கிளட்ச் வழுக்கும். அதுக்கு ஜாசோ எம்ஏன்னு போட்டது தனியா வாங்கணும்."

"அப்ப இதை என்ன பண்ண?"

"மூடியை இறுக்கி மூடி டிக்கியில ஸ்டெப்னி பக்கத்துல வை. மாசம் ஒருக்க டிப் ஸ்டிக்கைப் பாரு, குறைஞ்சா ஊத்து."

"டிப் ஸ்டிக் எது மச்சான், அந்த மஞ்சக் கலர் வளையமா?"